லோகோ, லேபல், பெயர்ப்பலகை: யாரிடம் கொடுப்பது?

கொழும்பில் 20 வருஷமாக விளம்பர வேலையில் இருக்கிறேன் என்பதால், டிசைன் வேலையை யாரிடம் கொடுப்பது என்று வந்த இந்தக் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

அண்ணா, வீட்டில் அரைக்கும் மிளகாய்த்தூளைப் பைக்கற்றில் போட்டு விற்கப் போகிறோம். லேபல் டிசைனுக்குப் பெரிய விளம்பர ஏஜென்சிக்குப் போகலாமா? (வெள்ளவத்தை)

இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. பெரிய இடத்தில் முதல் நாள் வந்து கதைப்பவர் ஒருவர், உங்கள் வேலையைச் செய்பவர் வேறொருவர். எங்கே போனாலும் "டிசைன் செய்யப் போகிறவரோடு நான் கதைக்கலாமா?" என்று கேளுங்கள். அவருக்கு அச்சு வேலை தெரிந்திருக்க வேண்டும். கிராவூர் என்ற உருளை அச்சு முறையில் பை அச்சடித்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். தெரியாதவர் எட்டு நிறம் போட்டு அழகாகக் காட்டுவார், காசு உங்களுடையது.

டிசைனுக்கு ஒருவர் 40 ஆயிரம் கேட்கிறார், இன்னொருவர் 2 லட்சம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? (புறக்கோட்டை)

இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை தடவை திருத்தித் தருவார்கள், படம் எடுப்பது சேர்த்தா, 18 சதவீத வற் வரி உள்ளேயா வெளியேயா? குறைந்த விலைக்காரர் இதையெல்லாம் எழுதாமல் விட்டிருப்பார்.

எங்கள் சாப்பாட்டுக் கடைப் பலகையில் தமிழ் பிழையாக வந்துவிட்டது. யாரைக் குறை சொல்வது? (கொட்டாஞ்சேனை)

இது கொழும்பின் பழைய வியாதி. தமிழ் வாசிக்கத் தெரியாத டிசைனர், வாட்ஸ்அப்பில் வந்த சொல்லை வெட்டி ஒட்டுகிறார். மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போடாவிட்டால் 'கொத்து' என்பதில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான். ஒருமுறை நானே போன் திரையில் பார்த்து "சரி" என்று அனுப்பினேன். பத்து அடிப் பலகையில் ஒரு புள்ளி இல்லை!

அதனால் அட்வான்ஸ் கொடுக்கு முன்பே 'கொழும்பு', 'சௌகரியம்', 'ஸ்ரீ' மூன்றையும் மூன்று எழுத்துருவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. திணறினால் அவர்கள் உங்களுக்கு வேண்டாம், சிங்களத்தில் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் சரி. முடிந்த டிசைனைத் தாளில் எடுத்து, வீட்டில் தமிழ் படித்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

ஐந்து பேரிடம் இலவசமாக மாதிரி செய்து தரச் சொல்லலாமா? (தெஹிவளை)

கேட்காதீர்கள். இலவசத்துக்கு யாரும் உங்கள் கடைக்கு வந்து பார்த்து யோசிக்க மாட்டார்கள், பழைய டிசைனில் பெயரை மாற்றித் தருவார்கள்.

லோகோவுக்கு முழுக் காசும் கட்டிவிட்டேன். மூலப் பைலைக் கேட்டால் தனிக் கட்டணம் என்கிறார்கள். (மருதானை)

ஒப்பந்தத்தில் எழுதாததால் வந்த வினை தம்பி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றுவது எழுத்தில் இருக்க வேண்டும். பில் மட்டும் போதும் என்று இருக்க வேண்டாம். இப்போது நியாயமான தொகை பேசி, வெக்டர் பைலோடு (எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத மூலப் பைல்) உரிமை மாற்றக் கடிதமும் கையெழுத்தாக வாங்கிவிடுங்கள். அப்புறம் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியலாம், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். அதே மாதிரிக் குறி ஏற்கெனவே இருக்கிறதா என்று இதற்கெல்லாம் முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தப் பைலுக்கு இன்னும் காசு கட்டாதீர்கள்.