ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மின்வெட்டு ஏன்?

வாசகர் கேள்வி – பதில்: இந்த இதழில் ஆப்பிரிக்காவின் ஜாம்பசி ஆறு

ஜாம்பசி எங்கே உற்பத்தியாகிறது? (பள்ளி மாணவி, ஏற்காடு)

ஜாம்பியாவின் வடமேற்கு மூலையில், முவினிலுங்கா பகுதியில். அந்த இடமும் உங்கள் ஏற்காடு போலவே கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்தான். அங்கோலாவுக்குள் போய்த் திரும்பி, நமீபியா, போட்ஸ்வானா எல்லைகளைத் தொட்டு, ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடி, மொசாம்பிக்கில் இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. வழியில் உள்ள விக்டோரியா அருவியின் அகலம் 1,708 மீட்டர் (சுமார் 5,600 அடி), உயரம் 108 மீட்டர். மேட்டூர் அணைச் சுவரின் நீளம் 5,300 அடி. அருவி அதைவிட 300 அடி கூடுதல்!

ஜாம்பசியின் குறுக்கே அணை கட்டி உருவான கரிபா, கொள்ளளவில் உலகிலேயே மிகப் பெரிய செயற்கை ஏரி என்கிறார்கள். பிறகு ஏன் 2024இல் ஜாம்பியா இருளில் தவித்தது? (மேட்டூர் வாசகர்)

மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கரிபாவினுடையது சுமார் 6,400 டி.எம்.சி. ஆனால் அதில் மின்சாரம் எடுக்கப் பயன்படுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். ஏரியின் முழு மட்டம் 488.5 மீட்டர். 475.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால் டர்பைன்களை நிறுத்தியாக வேண்டும். நீர் உறிஞ்சும் வாய்களுக்கு மேல் போதிய ஆழம் இல்லாவிட்டால் சுழல் உண்டாகிக் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். இயந்திரம் அதிர்ந்து பழுதாகும். ஆக, ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பங்கிட்டுக்கொள்வது மேலே உள்ள அந்த 13 மீட்டர் தண்ணீரை மட்டுமே. அதிலும் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பரப்பிலிருந்து வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு சிக்கல், வெள்ளம் வந்து சேரும் காலம். கர்நாடகத்தில் அணைகள் நிரம்பித் திறந்தால் சில நாள்களில் மேட்டூருக்குத் தண்ணீர் வந்துவிடும். ஜாம்பசியின் மேல்பகுதியில் நவம்பர் முதல் பெய்யும் மழை, மேற்கு ஜாம்பியாவின் பரோட்ஸே சமவெளியில் பரவி நின்று மெல்ல வடிகிறது. அருவியில் வெள்ளம் உச்சம் தொடுவது பெரும்பாலும் ஏப்ரலில். ஏரி மட்டம் உச்சம் தொட ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிடும். மழை பொய்த்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 2024இல் நடந்தது இதுதான். பெரிய ஏரி இருக்கிறது என்று நம்பி பெரும்பாலும் நீர்மின்சாரத்தையே சார்ந்திருந்ததன் விலையை அங்குள்ள மக்கள்தான் கொடுத்தார்கள்.

கரிபா அணையின் அடியில் பெரிய பள்ளம் விழுந்துவிட்டதாமே? (சேலம், அம்மாபேட்டை)

உண்மை. 128 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவு அணையில் ஆறு மதகுகள். வெள்ள ஆண்டுகளில் அவற்றின் வழியே பாய்ந்த நீர் ஆற்றுப் பாறையைக் குடைந்து சுமார் 80 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டது. ஆழத்தைவிட, பள்ளம் பின்னோக்கி அரித்து அஸ்திவாரத்தை நெருங்குவதுதான் ஆபத்து. அதனால் எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. தற்காலிகத் தடுப்பணை கட்டி, நீரை இறைத்து, பள்ளத்தின் கீழ்ப்புறப் பாறையைச் செதுக்கியிருக்கிறார்கள். நீரின் வேகம் அணைப் பக்கம் திரும்பாமல் ஆற்றோடு போய்விடும்.

கரிபா ஏரியில் என்ன மீன் பிடிக்கிறார்கள்? (மீன் வியாபாரி, கொளத்தூர்)

முக்கியமானது கபெண்டா. பார்க்க நம் நெத்திலி மாதிரி இருக்கும். டாங்கனிகா ஏரியிலிருந்து கொண்டுவந்து 1967–68இல் விட்டார்கள். நிலவில்லாத இரவில் மிதவைப் படகிலிருந்து விளக்கைத் தொங்கவிட்டு, வட்ட வலையை ஆழத்தில் இறக்கிக் காத்திருப்பார்கள். வெளிச்சத்துக்கு மீன் கூடியதும் வலையை நேராக மேலே தூக்க வேண்டும். நிலாக் காலத்தில் வெளிச்சம் எங்கும் பரவிவிடுவதால் மீன் ஓரிடத்தில் கூடாது, மீன்பாடு குறையும். கரைக்கு வந்ததும் உப்பிட்டு, உயரமான வலைத்தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்கிறார்கள். அடுக்காகக் கொட்டினால் நடுவில் ஈரம் நின்று நாற்றமெடுக்கும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காமல் சரக்கு கெடுவதுதான் அங்கும் பெரிய நஷ்டம்.