தொப்பூரில் முட்டிய புல்லட், இரண்டாம் முறை பிடித்த ஆர்எக்ஸ்: பழைய வண்டி கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். விபத்தில் அடிபட்ட வண்டி பற்றிய கேள்விக்கு இடம் கூடுதலாகத் தேவைப்பட்டதால் அது முதலில் வருகிறது.

1996 மாடல் புல்லட் 350. தொப்பூர் இறக்கத்தில் லாரியின் பின் பம்பரில் முட்டி முன் போர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கால்) பின்னுக்கு மடங்கிவிட்டது. போர்க் குழாய்களைப் பெண்டு (வளைவு) எடுத்துப் போட்டாயிற்று. இப்போது ஹேண்டிலில் பிடியைத் தளர்த்தினால் இடது பக்கம் இழுக்கிறது. 50-ஐத் தாண்டினால் ஹேண்டில் ஆடுகிறது. சேசிஸ் போய்விட்டது, வேறு சேசிஸ் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?
– வாசகர், பாலக்கோடு

சேசிஸைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நான்கைந்து உண்டு. இழுப்பும் ஆட்டமும் ஒரே காரணத்தால் வந்தவையாக இருக்க வேண்டியதும் இல்லை.

எஞ்சினுக்கடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடம் வலம் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட்டில் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) குழி விழுந்திருக்கிறது. முன்னால் முட்டிய வண்டியில் இது சகஜம். சக்கரம் வாங்கிய அடி முழுவதும் அந்தச் சின்ன பால்கள் வழியாகத்தான் சேசிஸுக்குப் போகிறது. அப்போது பால்கள் கிண்ணத்தில் தடம் பதித்துவிடும். பாலை மட்டும் மாற்றுவது வீண் செலவு. மேல், கீழ் கிண்ணம், கோன், பால் எல்லாம் சேர்த்து செட்டாக மாற்றுங்கள். போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் லொடலொடப்பு இருக்கக் கூடாது. லேசாகத் தள்ளினால் ஹேண்டில் தன் எடையிலேயே ஓரம் வரை போய் விழ வேண்டும். அதுதான் சரியான இறுக்கம். 50-க்கு மேல் வரும் ஆட்டத்துக்கு முதல் சந்தேகம் இங்கேதான். கூடவே ஸ்போக்குகளைத் தட்டிப் பாருங்கள்; மழுங்கலாக ஒலிப்பது தளர்ந்தது. ரிம்மின் பக்கவாட்டு ஆட்டம் 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒருவர் மட்டும் ஓட்டினால் காற்று முன்னால் 18, பின்னால் 28 பி.எஸ்.ஐ. போதும், முன் டயரில் 30 அடித்துக்கொண்டு ஆட்டத்துக்குக் காரணம் தேடுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது போர்க் குழாய். பெண்டு எடுத்ததாகச் சொல்கிறீர்கள். நிமிர்ந்ததா என்று யாராவது அளந்தார்களா? குழாயைக் கழற்றி, தடித்த கண்ணாடிப் பலகை மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைவு இன்னும் இருக்கிறது. லேத்காரரிடம் வி-பிளாக்கும் டயல் கேஜும் இருந்தால் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், முள் 0.2 மி.மீ.க்கு மேல் ஆடினால் அந்தக் குழாய் வேண்டாம். லேசான வளைவைச் சூடு காட்டாமல் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்ததோ குரோம் வெடித்ததோ காயலான் கடைக்குத்தான். கேஸ் வெல்டிங் நெருப்பில் காட்டி நிமிர்த்தியிருந்தாலும் அப்படியே.

புல்லட்டுக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. ஹெட்லைட்டும் ஸ்பீடோமீட்டரும் உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினிய வார்ப்பு அழகுக்கு வைத்ததல்ல. போர்க் குழாய்களின் மேல் பிடிப்பே அதுதான். முட்டிய வண்டியில் குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவிச் சற்று நேரம் விடுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். தெரிந்தால் வெல்டிங் வைக்காதீர்கள், மாற்றுங்கள். கீழ் டீயையும் (போர்க் குழாய்களைக் கீழே பிடித்திருக்கும் பாகம்) சமதளத்தில் வைத்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் நேராக இருந்தும் இழுத்தால், இரண்டு கால்களும் டீக்குள் முறுக்கிக்கொண்டு நிற்கலாம். கீழ் டீயின் கிளாம்ப் போல்ட்டுகள், மட்கார்டு போல்ட்டுகள், ஆக்சில் பிடிப்பு எல்லாவற்றையும் தளர்த்தி, முன் சக்கரத்தை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்குங்கள். நாலைந்து முறை போர்க்கை அமுக்கி விட்டு, கீழிருந்து மேலாக முடுக்குங்கள். காசில்லாத வேலை, பாதி வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

பிறகு நூல் பிடியுங்கள். பின் டயரின் பின்புறம் நூலைக் கட்டி இரண்டு பக்கமும் முன்னால் இழுத்து வாருங்கள். நூல் பின் டயரின் முன் விளிம்பையும் தொட்டபடி செல்ல வேண்டும். பழைய புல்லட்டில் முன், பின் இரண்டும் 3.25-19 என்பதால், முன் டயரில் இரண்டு பக்கமும் நூல் ஒன்றுபோலப் பட வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி இருந்தால், பின் ஆக்சிலின் இரண்டு நத்தை வடிவ செயின் அட்ஜஸ்டரும் ஒரே பல்லில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். செயின் இழுத்தவர் ஒரு பல் பிசகி விட்டாலும் வண்டி ஓரமாகத்தான் போகும்.

இத்தனைக்கும் பிறகுதான் சேசிஸ். புல்லட் சேசிஸில் எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன் குழாய்க்கும் பின் பகுதிக்கும் நடுவே எஞ்சினே பாலமாக நிற்கிறது. அதனால் அடி வாங்கினால் முன் குழாய்தான் பின்னுக்குத் தள்ளப்படும். ஹேண்டில் திரும்பும் ஹெட்டுக்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்கு விரலால் தடவுங்கள்: சுருக்கம், புடைப்பு, பெயின்ட் வெடிப்பு ஏதாவது தட்டுப்படுகிறதா? முன் எஞ்சின் பிளேட்டின் போல்ட்டுகளை உருவிப் பாருங்கள். கையால் தள்ளினால் போய் வந்தால் சேசிஸ் நகரவில்லை. சுத்தியல் இல்லாமல் நுழையவில்லை, துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்றால் நகர்ந்திருக்கிறது. அப்போதும் ஜிக் (சேசிஸைப் பொருத்தி நிமிர்த்தும் சட்டம்) வைத்திருப்பவரிடம் கொண்டுபோனால் நிமிர்த்தலாம். வேறு சேசிஸ் என்பது எண் மாறும் விஷயம், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்தால் ஆர்.சி. புத்தகத்துக்கும் வண்டிக்கும் உறவு அறுந்துபோகும்.

விபத்தான பழைய வண்டியை உடனே பிரித்து வேலை பார்க்கலாமா? இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், காரிமங்கலம்

வேறு யாருக்காவது அடிபட்டு வழக்குப் பதிவாகியிருந்தால், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துச் சான்று தரும்வரை ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள். இன்சூரன்ஸ் கேட்பதானால் சர்வேயர் வந்து பார்க்கும்வரையும் அப்படியே. பலருடைய பாலிசி மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அதில் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், பத்து வயது கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியைக் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு வயது பாராமல் பாதி. கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள், கேட்பார்கள்.

ஆர்எக்ஸ் 100-க்கு ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) செய்து புது பிஸ்டன் போட்டேன். ஒகேனக்கல் மலைப்பாதையில் ஏறும்போது ஒரே மாதத்தில் பிஸ்டன் சிலிண்டருக்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. பிஸ்டன் மட்டமானதா?
– வாசகர், பென்னாகரம்

பிடித்த பிஸ்டனை எறிந்துவிடவில்லையே? அதைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். நாலு மூலையிலும் தேய்த்த தடம் இருந்தால், போர் இறுக்கம் அல்லது சூடேறும் முன் விரட்டியது. சைலன்ஸர் பக்கம் மட்டும் கோடு கோடாக உரிந்திருந்தால் ஆயில் பற்றாக்குறை அல்லது கலவையில் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டர் பக்கம் உரிந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி.

ரீபோரில் அடிக்கடி விட்டுப்போகும் வேலை ஒன்று: போரிங் முடிந்ததும் போர்ட் வாய்களின் (சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள்) ஓரம் கத்தி முனையாக நிற்கும். அதை நுண் அரத்தாலோ எமரியாலோ மழுக்க வேண்டும். மழுக்காவிட்டால் ரிங் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பில் சிராய்த்துக்கொண்டே ஓடும். ஆர்எக்ஸின் போர் 50 மி.மீ.; ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஏறும். பிஸ்டனை முதலில் வாங்கி, லேத்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்பப் போர் செய்யச் சொல்லுங்கள். '0.50 போட்டுவிடு' என்று வாய்க்கணக்காகச் சொல்லிவிட்டு வந்தால் இடைவெளி அவர் கைவாக்குதான். சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) தூள் போகாது. சுடுநீரும் சோப்புமாகத் தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடையுங்கள்; துணி கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்ஸரைப் பார்க்கட்டும்.

ஆனாலும் ஒரே மாதத்தில் மறுபடி பிடித்ததென்றால் என் சந்தேகம் காற்றுக் கசிவின் மேல்தான். இடது பக்கம், மேக்னெட்டுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் சீல் கெட்டால் வெறும் காற்றை உறிஞ்சும். கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டும் ரேஸ் உடனே இறங்காமல் தொங்குவது இதன் அடையாளம். வலது பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை கக்கும், கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும். ரீட் வால்வுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பரைச் சற்று வளைத்து வெடிப்பு பாருங்கள். வண்டியை ஐட்லிங்கில் விட்டு அங்கே சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டம் மாறும்.

ஆயில் பம்பும் உண்டு. எஞ்சின் வேலையின்போது ஆயில் குழாயைக் கழற்றியிருப்பார்கள்; காற்று புகுந்திருக்கும். பம்பில் உள்ள பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட வேண்டும். பம்ப் ஓடினாலும், முதல் டாங்கில் மட்டும் லிட்டருக்கு 20 மி.லி. 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடுங்கள். பம்பை அடியோடு எடுத்தவர்களுக்கு லிட்டருக்கு 25 முதல் 30 மி.லி. முதல் 500 கி.மீ. வரை பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் வேண்டாம், மலையேற்றமும் வேண்டாம்.

யெஸ்டி ரோடுகிங்கில் தொப்பூர் இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு கியரில் இறங்குகிறேன். தவறா?
– வாசகர், தருமபுரி

தவறுதான். யெஸ்டியில் கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. ஆக்சிலரேட்டரை மூடிவிட்டால் பெட்ரோலும் ஆயிலும் நிற்கும், எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சில விநாடிகளுக்கு ஒருமுறை ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்து மூடுங்கள். அதற்காக நியூட்ரலில் விடுவது அதைவிட மோசம். டிரம் பிரேக் இரண்டையும் நம்பி அந்தச் சரிவில் இறங்கினால் பாதி வழியில் சூடேறிப் பிடிப்பு குறையும். இறங்கும் முன் ஒன்று பாருங்கள்: பிரேக்கை அழுத்தும்போது பிரேக் ஆர்மும் ராடும் செங்கோணத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஷூ தேய்ந்துவிட்டது; நட்டை முடுக்கிச் சமாளிக்க முடியாது. கலவைக்குப் பழைய கணக்கு லிட்டருக்கு 40 மி.லி.; இன்றைய நல்ல 2டி ஆயிலில் 30 முதல் 35 போதும்.

வண்டியை மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் கார்புரேட்டர் வழிகிறது, டாங்கிலும் துரு.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். துருவும் கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்து வெள்ளைப் பொடியும் அதனால்தான். மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் டாங்கின் பெட்ரோல் காக்கை (குழாய்த் திறப்பு) மூடி, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து எஞ்சின் அணையும்வரை ஓட்டிவிடுங்கள். பெட்ரோல் பைப், ஃப்ளோட் பின், ஓ-ரிங் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். பழைய கறுப்பு ரப்பர் ஊறிப் பெருத்துவிடும்.

துருவுக்கு: டாங்கைக் கழற்றி, பெட்ரோல் காக்கை எடுத்துத் துளையை அடைத்து, லிட்டர் வெந்நீருக்கு 80 கிராம் சிட்ரிக் ஆசிட் வீதம் கரைத்து வாய்வரை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். கொட்டியதும் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, பிறகு நல்ல நீரால் அலசி, வெயிலிலும் காற்றிலும் உடனே உலர்த்துங்கள். உலர்ந்த கையோடு 2டி கலந்த பெட்ரோலைச் சுழற்றி விடாவிட்டால் மாலைக்குள் மறுபடி செம்பழுப்பு படியும்.

புல்லட்டுக்குப் புது பாயிண்ட் (பற்றவைக்கும் பொறிக்கான சுவிட்ச்) போட்டதிலிருந்து கிக்கர் திருப்பி அடிக்கிறது.
– வாசகர், கிருஷ்ணகிரி

டைமிங் (பொறி விழும் நேரம்) முந்தியிருக்கிறது. பாயிண்ட் இடைவெளியை மாற்றினாலே டைமிங்கும் நகரும் என்பதால் முதலில் இடைவெளி, பிறகு டைமிங். தலைகீழாகச் செய்தால் நாள் முழுவதும் சுற்ற வேண்டியதுதான். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. பிறகு பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். நடுவில் செருகிய மெல்லிய காகிதம் அந்த இடத்தில் உருவ வரும். பாயிண்டில் நீல வெள்ளைப் பொறி பளிச்சென்று தெறித்தால் கண்டென்சரையும் மாற்றுங்கள். அட்வான்ஸ் ஸ்பிரிங் இளகியிருந்தாலும் இதே அடிதான், அதையும் பார்த்துவிடுங்கள்.

சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா? அடுத்த ஆண்டு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும்.
– வாசகர், ஓசூர்

கொடுக்கலாம், எண் இருக்கும் இடத்தை விட்டு. மணல் அடித்து மேலே தடித்த கோட்டிங் ஏறினால் எண் மங்கிவிடும். ஆய்வுக்குப் போகும்போது பென்சில் பிரிண்ட் (எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்த நகல்) எடுக்க வராது. வேலைக்குக் கொடுக்கும் முன் அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள், பிரிண்ட்டும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கப் படிவம் 25. ஒருமுறை புதுப்பித்தால் ஐந்தாண்டு.

பழைய புல்லட். இரண்டு வாரம் நின்றால் டிப்ஸ்டிக்கில் ஆயிலே இல்லை. ஊற்றி ஓட்டினால் பிரீதர் (எஞ்சினின் மூச்சுக் குழாய்) வழியாகக் கொட்டுகிறது.
– வாசகர், ஊத்தங்கரை

ஆயில் எங்கும் போகவில்லை. நின்ற வண்டியில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கிறது. நீங்கள் மேலே ஊற்றியது உபரி. பம்ப் பழைய ஆயிலையும் திருப்பிக் கொண்டுவந்ததும் நிரம்பி வழிகிறது. வண்டியை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அதன்பின் டிப்ஸ்டிக் பாருங்கள். மொத்தக் கொள்ளளவு சுமார் 2.25 லிட்டர், 20டபிள்யூ-50 ரகம். ஒரே இரவில் முழுவதும் இறங்குகிறதென்றால்தான் பம்ப்பின் தட்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கின்றன. டைமிங் கவரைத் திறக்க வேண்டும்.