ஜூனில் கட்ட வேண்டிய பணத்தை எங்கே போட்டு வைப்பது?

வாசகர் கேள்வி: பூர்வீக நிலத்தை விற்றதில் 12 லட்சம் ரூபாய் வங்கிக் கணக்கில் இருக்கிறது. இன்னும் ஏழு மாதத்தில், வரும் ஜூனில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 4 லட்சம் எடுக்க வேண்டும். மீதி பத்து வருடத்துக்குத் தேவைப்படாது. மொத்தத்தையும் கில்ட் ஃபண்டில் போடுங்கள், அரசாங்கப் பத்திரங்களை மட்டும் வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்ட், பயமில்லை என்கிறார்கள். ஆனால் அதில் போட்ட என் மைத்துனருக்கு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போட்டதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. அரசாங்கம் பணத்தைத் தராமல் போகாது என்றால் இது எப்படிக் குறையும்?

பதில்: அரசாங்கம் சொன்ன சொல் தவறவில்லை. பத்து, இருபது வருடம் கழித்துத்தான் முதலைத் திருப்பித் தருவேன் என்று அது எழுதிக்கொடுத்த பத்திரத்துக்கு உங்கள் மைத்துனர் ஆறாவது மாதத்திலேயே விலை பார்த்திருக்கிறார். முதிர்வு நாளில் கிடைப்பது முகமதிப்பு, அதாவது பத்திரத்தில் எழுதிய தொகை. நடுவில் கிடைப்பது அன்றைய சந்தை விலை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சந்தை வட்டி 7 சதவீதமாக இருக்கும்போது 7 சதவீத வட்டி தரும் பத்து வருட அரசுப் பத்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். மறுநாளே சந்தை வட்டி 8 ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பத்திரம் 8 தரும்போது உங்களுடைய 7-ஐ 100 கொடுத்து யார் வாங்குவார்? பத்து வருடத்துக்கும் அந்த ஒரு சதவீதக் குறையை ஈடுகட்ட வேண்டும் என்பதால் விலை சுமார் 93 ரூபாய்க்கு இறங்கும். இதே வட்டி மாற்றம் 91 நாள் டி-பில்லை, அதாவது அரசு 91 நாளுக்கு வாங்கும் கடனுக்கான பத்திரத்தை, என்ன செய்யும்? அதற்குத் தனியாக வட்டி கிடையாது. தள்ளுபடி விலைக்கு வாங்கி, முடிவில் 100 ரூபாய் பெறுவோம். 7 சதவீதத்தில் அதன் விலை 98 ரூபாய் 28 பைசா, 8 சதவீதத்தில் 98 ரூபாய் 4 பைசா. ஒன்றில் கிட்டத்தட்ட ஏழு ரூபாய் போகிறது, இன்னொன்றில் 24 பைசா. இரண்டுக்கும் கடனாளி அதே இந்திய அரசுதான். காலம் மட்டும்தான் வேறு.

பணச் சந்தை, மூலதனச் சந்தை என்று பிரிப்பதும் இந்தக் காலத்தை வைத்துத்தான். ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும் கடன்கள் பணச் சந்தையில் கைமாறும்: அரசின் 91, 182, 364 நாள் டி-பில்கள், கம்பெனிகள் குறுகிய காலக் கடனுக்கு எழுதிக்கொடுக்கும் கமர்ஷியல் பேப்பர், வங்கிகளின் டெபாசிட் சான்றிதழ்கள் எல்லாம் இங்கே. வங்கிகள் தங்களுக்குள் ஒரே ஒரு இரவுக்குக் கொடுத்து வாங்கும் ‘கால் மணி’ (call money) கடனும் இதில் சேர்த்தி; நாம் அக்கம்பக்கத்தில் வாங்கும் கைமாற்று மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட கடன்பத்திரங்களும் பங்குகளும் மூலதனச் சந்தை. பங்குக்கு முதிர்வு தேதியே இல்லை. கம்பெனி உங்கள் பணத்தைத் தேதி போட்டுத் திருப்பித் தரப்போவதில்லை. அன்றைக்கு யார் வாங்க வருகிறாரோ, அவர் சொல்லும் விலைதான் உங்களுக்கு. 2020 ஜனவரியில் 41,900-க்கு மேல் நின்ற சென்செக்ஸ், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 25,981-ல் முடிந்தது. அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியும் விட்டது. காத்திருக்க முடிந்தவருக்கு நஷ்டமில்லை. மார்ச் கடைசியில் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தவருக்கு அந்த நவம்பரால் என்ன பயன்?

ஆகவே அந்த 4 லட்சம் பணச் சந்தைப் பக்கமோ வங்கி டெபாசிட்டிலோதான் இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்ட வேண்டிய தேதி உறுதி என்றால், மே மாதத்தில் முடிகிற மாதிரி ஒரு எஃப்.டி. போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. டி-பில் விருப்பம் என்றால், ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெயில் டைரக்ட் கணக்கில் 10,000 ரூபாயிலிருந்து நேரடியாகவே வாங்கலாம். 182 நாள் பில் உங்களுக்குச் சரியாக வரும். தேதி முன்னே பின்னே போகலாம் என்றால், பணச் சந்தைப் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்டான லிக்விட் ஃபண்ட் வசதி. முதல் ஏழு நாளுக்குள் எடுத்தால் சிறு கட்டணம் பிடிப்பார்கள், அதற்கப்புறம் இல்லை. ஆனால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், பணம் கைக்கு வர ஒரு வேலை நாளாவது ஆகும்.

லிக்விட் ஃபண்டிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம் தன் கமர்ஷியல் பேப்பர்களுக்குப் பணம் தர முடியாமல் நின்றது. சில வாரங்களுக்கு முன்புவரை ட்ரிபிள் ஏ என்ற மிக உயர்ந்த ரேட்டிங் வாங்கியிருந்த குழுமம் அது! அந்தப் பேப்பர்களை வைத்திருந்த சில லிக்விட் ஃபண்டுகளின் என்.ஏ.வி.-யும், அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பும், இறங்கியது. சாலை, மின்சாரம் என்று வருடக்கணக்கில் கழித்து வருமானம் தரும் திட்டங்களில் முடங்கிய பணத்துக்கு, குறுகிய காலக் கடனைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புதுக்கடன் கிடைக்காத நாளில் எல்லாம் நின்றுபோனது. சீக்கிரம் தேவைப்படும் ஃபீஸ் பணத்தை நீண்ட காலப் பத்திரங்கள் உள்ள கில்ட் ஃபண்டில் போடுவதும் இதே வகைத் தப்புதான். லிக்விட் ஃபண்ட் என்றால், டி-பில் அதிகமாக வைத்திருக்கும் ஃபண்டைத் தேர்ந்தெடுங்கள். கால் சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று வேறு பக்கம் போக வேண்டாம்.

மீதி 8 லட்சத்துக்கு நேர் எதிர் ஆபத்து இருக்கிறது. பயந்துபோய் அதையும் லிக்விட் ஃபண்டிலேயே விட்டுவிட்டால், ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டியை, குறைக்கும்போதெல்லாம் உங்கள் வருமானமும் கூடவே இறங்கும். 2025-ன் தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ, டிசம்பரில் 5.25-க்கு வந்துவிட்டது. பத்து வருடப் பணம் மூலதனச் சந்தைக்குப் போவதுதான் சரி. என் யோசனை இது: பாதியில் பத்து வருட அரசுப் பத்திரம் வாங்கி முதிர்வு வரை கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், நடுவில் விலை ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை. மறுபாதியை லிக்விட் ஃபண்டில் வைத்து, மாதா மாதம் கொஞ்சமாக ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுக்கு, அதாவது சென்செக்ஸ் மாதிரியான குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்டுக்கு, மாற்றுங்கள். ஒன்றரை இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விற்ற நிலம் கிராமப்புற விவசாய நிலமா, இல்லையா என்பதைப் பொறுத்து மூலதன ஆதாய வரி வரலாம். ஆடிட்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். வரி உண்டு என்றால் அந்தத் தொகையையும் 4 லட்சத்தோடு சேர்த்துக் குறுகிய காலப் பக்கம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் பத்து வருடத்துக்குப் போடுங்கள்.