எலாஸ்டிக் தளர்ந்துவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. மூன்று வருடங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். போன வாரம் எடுத்த எக்கோவில் ‘மகாதமனியின் எலாஸ்டிசிட்டி குறைவு’ என்று எழுதியிருக்கிறது. பிரஷர் 164/70. ரத்தக்குழாய் தொளதொளவென்று ஆகி வெடித்துவிடுமோ என்று வீட்டில் ஒரே பயம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கட்டுமா? ஸ்டென்ட் இருந்தால் எடுக்கலாமா?

பதில்: எலாஸ்டிக் என்றதும் பழைய கால்சட்டையின் இடுப்புப் பட்டி ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. இங்கே கதை நேர் எதிர். அப்பாவின் மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், தளரவில்லை, விறைத்திருக்கிறது. பழைய பேப்பர் கட்டில் கிடந்து காய்ந்துபோன ரப்பர் பேண்டை இழுத்தால் இழுபடாதே, அதுபோல.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது மகாதமனி கொஞ்சம் விரிந்து, ஒரு பங்கைத் தன்னிடம் பிடித்துக்கொள்ளும். இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி, அதை முன்னே தள்ளிவிடும். இதயத் தசைக்கான ரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் பாய்கிறது. அதனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு இது முக்கியம். குழாய் விறைத்தால் மேல் பிரஷர் ஏறும், கீழ் பிரஷர் இறங்கும். அப்பாவின் 164/70 அதைத்தான் சொல்கிறது. எக்கோ வேண்டியதேயில்லை!

எக்கோவில் வால்வுக்கு சுமார் 3 செ.மீ. மேலே குழாயின் அகலத்தை அளப்பார்கள். இதயம் சுருங்கும்போது 31 மி.மீ., ஓய்வெடுக்கும்போது 30 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மில்லிமீட்டரையும் இரண்டு பிரஷருக்கும் உள்ள வித்தியாசத்தையும் வைத்துத்தான் கணக்கு. திரையில் கோடு அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் விடை பாதியாகிவிடும். பயந்துபோய்ப் படுத்திருப்பவருக்கு பிரஷர் எகிறினாலும் கணக்கு மாறும். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. இதைவிடத் துல்லியம்தான். குழாயின் முழு வட்டத்தையும், நாடி அலை ஓடும் வேகத்தையும் அதில் அளக்கலாம். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே கருவி வைத்து இந்த வேகத்தை அளக்கும் எளிய முறையும் உண்டு. நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் விறைப்பு அதிகம் என்போம். ஆனால் எது வந்தாலும் மருந்துச் சீட்டு பெரிதாக மாறப்போவதில்லை. ரிப்போர்ட்டில் மகாதமனியின் அகலம் 40 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, வால்வில் பிறவிக் கோளாறு என்று இருந்தாலோ மட்டும் ஸ்கேன் பற்றி உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். இன்றைய ஸ்டென்ட்கள் எம்.ஆர்.ஐ.க்குத் தடையில்லை, ஸ்டென்ட் கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இப்போதைக்கு வேலை பிரஷரில்தான். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்துவிட்டு, காலையும் மாலையும் ஒரு வாரம் அளந்து எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம், கீழ் அளவு ரொம்ப இறங்கிவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் விடை கொடுங்கள். புகைப் பழக்கம் இருந்தால் அதற்கும். வெடிக்குமா என்று கேட்டீர்கள்: நெஞ்சையோ முதுகையோ கிழிப்பதுபோல் திடீரென வலி வந்தால், யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.