லைன்மேன் வந்தால் ஓடுகிறது, போனால் நிற்கிறது: பிங் வைத்துப் பிடிக்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள், ஃபைபர் இணைப்பு. நாளுக்கு மூன்று நான்கு முறை நெட் சில நிமிடம் நின்று, தானாகவே திரும்புகிறது. புகார் செய்தால் லைன்மேன் வந்து, "பிங் போட்டேன் சார், ஓகே" என்று கிளம்பிவிடுகிறார். கோளாறு எங்கே என்று நாங்களே பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. பிங் என்பது ஒரு முகவரிக்கு 'பாக்கெட்' எனப்படும் சிறு தகவல் துணுக்கை அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை. விண்டோஸில் வெறுமனே பிங் அடித்தால் நான்கே பாக்கெட் போகும், சில வினாடியில் வேலை முடிந்துவிடும். நாளுக்கு நான்கு முறை விழும் லைனை அதில் பிடிப்பது குதிரைக்கொம்பு. முகவரிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

அதையும் ஒரே இடத்துக்குப் போட்டுப் பயனில்லை. மூன்று கமாண்ட் விண்டோக்களை (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) திறந்து மூன்று இடங்களுக்கு ஓட விடுங்கள். முதலாவது உங்கள் ரவுட்டர், பெரும்பாலும் 192.168.1.1. மூன்றாவது வெளியுலகம், கூகுளின் 8.8.8.8 போதும். நடுவில் இருப்பதுதான் முக்கியம்: நெட் கொடுப்பவரின் முதல் கருவி. 8.8.8.8-க்கு ட்ரேசர்ட் (tracert, பாக்கெட் போகும் வழியில் உள்ள கருவிகளை வரிசையாகக் காட்டும் கட்டளை) போட்டால் முதல் வரியில் உங்கள் ரவுட்டர் வரும், அடுத்த வரியில் வழக்கமாக இது வரும். 10 அல்லது 100-இல் தொடங்கும் முகவரியாக இருந்தால் குழம்ப வேண்டாம், அது அவர்களுடைய உள் முகவரி. அது பதில் தராவிட்டால் அடுத்த வரியில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை வைஃபையில் செய்யாதீர்கள். ரவுட்டரில் கேபிள் செருகிய கம்ப்யூட்டர்தான் வேண்டும். கேபிளில் ரவுட்டருக்குப் போய்வர ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. வைஃபையில் அதே எண் திடீரென்று நூறைத் தாண்டும். அந்தப் பழியும் லைன்மேன் தலையில் விழும்.

நெட் நின்றதும் மூன்று விண்டோக்களையும் பாருங்கள். மூன்றுமே நின்றிருந்தால் கோளாறு உங்கள் அலுவலகத்துக்குள்: கேபிள், சுவிட்ச், அல்லது ரவுட்டரின் அடாப்டர். ரவுட்டர் பதில் தருகிறது, மற்ற இரண்டும் இல்லை என்றால் அநேகமாக லைன். அந்த நேரம் பார்த்து ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பில் மினுக்கினால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று பொருள். அதை மொபைலில் படம் எடுத்து வையுங்கள், படத்தோடு நேரமும் பதிவாகும். 8.8.8.8 மட்டும் நின்றால் உடனே புகார் செய்யாமல் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1-க்கும் போட்டுப் பாருங்கள், அது பதில் தந்தால் உங்கள் லைனில் கோளாறு இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பதில் வராவிட்டால் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வரும். சில சமயம் 'ரிப்ளை ஃப்ரம்' என்று தொடங்கி 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று முடியும். அந்த ரிப்ளை போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து வந்ததில்லை. உங்கள் கம்ப்யூட்டரோ வழியில் உள்ள ரவுட்டரோ கைவிரித்த செய்தி. விண்டோஸ் அதையும் வந்த பதிலாகவே எண்ணி, கடைசியில் 0% லாஸ் (எதுவும் தொலையவில்லை) என்று கணக்குக் காட்டும். சதவீதத்தை நம்பாமல் வரிகளைப் படியுங்கள்.

பாக்கெட் எதுவும் தொலையாமல் 8.8.8.8-க்கான நேரம் மட்டும் 20 மில்லி செகண்டிலிருந்து 400-க்குப் போனால் லைன் அறுபடவில்லை. யாரோ பெரிய பேக்கப்பை மேலே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நாள் முழுக்க ஓடியதில் அங்கொன்றும் இங்கொன்றும் தொலைந்ததை வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள். தொடர்ந்து பத்து இருபது போனால்தான் விஷயம்.

வரி தாக்கல் தளத்துக்கே பிங் போடலாமே என்று தோன்றும். பல சர்வர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டவை, தளம் நன்றாகவே திறக்கும். எண் முகவரிக்குப் பிங் போகிறது, தளம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) பாருங்கள்.

விண்டோஸ் பிங் வரிகளில் அது எத்தனை மணிக்கு நடந்தது என்று வராது. நிர்சாஃப்ட்டின் இலவச மென்பொருளான பிங்இன்ஃபோவியூவில் மூன்று முகவரிகளையும் கொடுத்தால், ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது நின்றது என்று காட்டும். ஒரு வாரம் அந்த நேரங்களைக் குறித்து வைத்து, புகாரோடு கொடுங்கள். லைன்மேன் வந்தால் பிங் வேண்டாம், ஃபைபரில் வரும் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரைச் செருகி அளவைச் சொல்லச் சொல்லுங்கள். -27 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) அளவை ஒட்டி இருந்தால் ஒளி மிகவும் மங்கல் என்று பொருள்; ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கலாம், இணைப்பில் அழுக்கு இருக்கலாம். அதைச் சரிசெய்வது அவர் பொறுப்பு.