வாயைத் திறந்து சொல்லுங்கள், சிஸ்டர்!

பிரிட்டனில் நர்ஸ் லைசென்ஸ் வாங்குவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட நான்கை எடுத்திருக்கிறேன். நானும் தென் மாவட்டத்தில் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, ஏழு வருடம் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள்தான்.

கேள்வி: அக்கா, நான் ஜி.என்.எம்., ஒன்பது வருட அனுபவம். இங்கிலாந்து வேலைக்கு ஒரு ஏஜென்ட் நாலரை லட்சம் கேட்கிறார். லைசென்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் அவரே முடித்துத் தருவாராம். நகையை அடகு வைத்தாவது முதல் தவணையைக் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கட்டாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

லைசென்ஸை யாரும் உங்களுக்காக முடித்துத் தர முடியாது. அதைக் கொடுப்பது என்.எம்.சி. எனப்படும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில். அதன் இணையதளத்தில் உங்கள் பெயரில் நீங்களே கணக்கு தொடங்கி, நீங்களே கார்டில் பணம் கட்டி, நீங்களே தேர்வு எழுதுவதுதான் வழி. கணக்கைச் சொல்கிறேன், பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: தகுதியைச் சரிபார்க்க 140 பவுண்ட், சி.பி.டி. என்ற கம்ப்யூட்டர் தேர்வுக்கு 83, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்கு 794, கடைசியில் பதிவேட்டில் பெயர் ஏற 153. மொத்தம் 1,170 பவுண்ட், நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்குள். அதிலும் ஆஸ்கி கட்டணத்தைப் பல ஆஸ்பத்திரிகள் தாங்களே கட்டிவிடுகின்றன. மிச்சம் மூன்று லட்சம் எதற்கு என்று அவரிடம் நேராகவே கேளுங்கள்.

வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே காசு வாங்குவதை பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இந்தியாவிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அரசு வழியாகவே போக வேண்டும் என்றால் சென்னையில் 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு மனிதவள நிறுவனம், அதாவது ஓ.எம்.சி.எல்., இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘முதலில் கேர் அசிஸ்டென்ட் விசாவில் போய்விடுங்கள், அங்கே போய் நர்ஸ் ஆகிக்கொள்ளலாம்’ என்று இன்னமும் சிலர் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர்களை எடுக்கும் அந்த வழி 2025 ஜூலை 22-ஆம் தேதியே மூடப்பட்டுவிட்டது. நர்ஸ் வேலைக்கான விசா இருக்கிறது, ஆனால் முன்பு போல ஆள் எடுப்பதில்லை. அதனால் இங்கிலீஷ் தேர்வையும் சி.பி.டி.யையும் ஊரில் இருந்தபடியே முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கு முயற்சி செய்யுங்கள், கையில் இருக்கும் வேலையை விசா வரும் வரை விடாதீர்கள்.

கேள்வி: சர்டிஃபிகேட்டில் எல்லாம் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக வந்திருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய ஆதாரில் கணவர் பெயர். இது பிரச்சினை ஆகுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆகும், அதனால் இதை முதல் வேலையாக முடியுங்கள். நம் இனிஷியல் பழக்கம் அவர்களுக்குப் புரியாது, எஸ். என்ற ஒற்றை எழுத்துக்குள் அப்பா முழுப் பெயராக உட்கார்ந்திருக்கிறார் என்று நாம்தான் காகிதத்தில் காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்து மாறாமல், விண்ணப்பத்திலும் சி.பி.டி. பதிவிலும் இங்கிலீஷ் தேர்விலும் பெயரைப் போடுங்கள். தேர்வு மையத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் போகும். சர்டிஃபிகேட்டில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் என்.எம்.சி. உங்களைப் பற்றி விசாரிப்பது அங்கேதான்.

கேள்வி: நான்கு வருடமும் இங்கிலீஷ் மீடியத்தில்தான் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். அப்புறம் ஏன் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் தேர்வு? மூன்று தடவை எழுதியும் ரைட்டிங்கில் 6-ஐத் தாண்டவில்லை. அழுகையாக வருகிறது.
– வாசகி, சேலம்

பதில்: பாடம் இங்கிலீஷில் நடந்தால் மட்டும் போதாது, நோயாளிகளிடம் பேசியதும் இங்கிலீஷில்தான் என்று காட்டச் சொல்வார்கள். நாம் வார்டில் ‘பாட்டி, சாப்பிட்டீங்களா’ என்றுதானே கேட்டோம்? அதனால் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆனால் உங்கள் கதை அவ்வளவு மோசமில்லை. ரைட்டிங்கில் 6.5 போதும், மற்ற மூன்றில் 7 வேண்டும். ஒரே தேர்வில் எல்லாம் வர வேண்டும் என்பதும் இல்லை: 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்டலாம், எந்தத் தேர்விலும் ரைட்டிங் 6-க்கும் மற்றவை 6.5-க்கும் கீழே போகாமல் இருந்தால் சரி. மூன்று மார்க் ஷீட்டையும் எடுத்துத் தரையில் பரப்பி, தேதியைப் பாருங்கள். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கலாம். இல்லையென்றால் மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் இங்கிலீஷ் தேர்வான ஓ.ஈ.டி.க்கு மாறுங்கள். அதில் ரைட்டிங் என்றால் ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவருக்கு எழுதும் கடிதம்தான்; ரைட்டிங்கில் சி பிளஸும் மற்றவற்றில் பி-யும் எடுத்தால் போதும். நமக்குத் தெரிந்த விஷயத்தை எழுதும்போது கை தானாக ஓடும்.

கேள்வி: இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்கியில் மூன்று ஸ்டேஷனில் (செய்முறைப் பகுதிகளில்) ஃபெயில். பன்னிரண்டு வருடம் ஐ.சி.யூ.வில் இருந்தவள் நான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எனக்கு வேலை தெரியாது என்று வார்டில் நினைப்பார்களோ?
– வாசகி, லீட்ஸ்

பதில்: உங்கள் கடிதத்தை நைட் டியூட்டி பிரேக்கில் இரண்டு தடவை படித்தேன். நானும் முதல் தடவை ஃபெயில்தான். மருந்து கொடுக்கும் ஸ்டேஷன். சார்ட்டைப் பார்த்தேன், அலர்ஜி பார்த்தேன், நோயாளி கையில் கட்டியிருந்த பெயர் பேண்டைப் பார்த்தேன், எக்ஸ்பயரி தேதி பார்த்தேன், ஒன்றுகூட விடவில்லை. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன், வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு என் கண் எங்கே போனது என்று எப்படித் தெரியும்?

நம் ஊர் வார்டில் முப்பது பேரை இரண்டு சிஸ்டர் பார்க்கும்போது பேச நேரம் ஏது? டாக்டர் ரவுண்ட்ஸில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் மரியாதை என்று படிக்கும்போதே பழக்கிவிட்டார்கள். ஆஸ்கி கேட்பது நேர் எதிர்ப் பழக்கம். கை கழுவுகிறேன், பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கள், உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, இந்த ஊசி எதற்கு என்று சொல்லட்டுமா, போடலாமா – ஒவ்வொன்றும் காதில் விழ வேண்டும். உங்கள் பன்னிரண்டு வருடத்தை யாரும் சந்தேகப்படவில்லை, அது கைக்குள் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டே செய்யப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

மொத்தம் பத்து ஸ்டேஷன், அதில் ஏழு வரை ஃபெயில் ஆனாலும் ஃபெயில் ஆனதை மட்டும் திரும்பச் செய்தால் போதும். உங்களுக்கு மூன்றுதான். அதற்கான கட்டணம் 397 பவுண்ட். கட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி தருமா என்று உங்களுக்கு அங்கே பயிற்சி தரும் பிராக்டிஸ் எஜுகேட்டரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். நேரமும் இருக்கிறது. வேலையில் சேர்ந்து எட்டு மாதத்துக்குள் பதிவு முடிந்தால் விசாவுக்குச் சிக்கல் இல்லை.

நான் ரூம்மேட்டைக் கட்டிலில் படுக்க வைத்துத்தான் பழகினேன். கையில் எழுதிக் கட்டிய பேண்ட், தலையணைக்கு அடியில் டிரக் சார்ட், இரண்டு வாரம் தினமும் ராத்திரி. மூன்றாம் நாளே அந்தப் பெண் என் வசனத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். ஃபோனில் உங்கள் குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்திருப்பார். போன மூன்று ஸ்டேஷன் எவை என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன்.