வகுப்பு இருக்கட்டும் தம்பி, முதலில் அந்தக் கோர்ட் காகிதத்தைப் படியுங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். டெக்சாஸுக்கு எம்.எஸ். படிக்க வந்து முதல் வருடம்கூட முடியவில்லை. நண்பரின் காரில் போகும்போது போலீஸ் நிறுத்தியிருக்கிறார்கள், உங்கள் பையில் சின்னப் பொட்டலம் கஞ்சா இருந்திருக்கிறது, கேஸ் ஆகிவிட்டது. "டெஃபர்டு எடுத்துக்கோ, ஆறு மாசம் புரொபேஷன், ஆன்லைனில் ஒரு கஞ்சா விழிப்புணர்வு வகுப்பு, முடிச்சா கேஸ் தள்ளுபடி" என்று வக்கீல் சொல்கிறார். எந்த வகுப்பு நல்லது, கோர்ட் ஒத்துக்கொள்ளுமா, வீட்டில் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அக்கா கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால், இமிக்ரேஷன் வக்கீல் ஒருவரைப் பார்க்கும்வரை போடாதீர்கள். இத்தனை வருடம் ஹூஸ்டன் பக்கம் இருந்து நம் பிள்ளைகள் பலர் இதில் சிக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வகுப்பில் யாரும் தோற்பதில்லை. சேர்வதற்கு முன் கோர்ட்டில் சொன்ன ஒரு வார்த்தைதான் பின்னால் வந்து நிற்கிறது.

டெஃபர்டு அட்ஜுடிகேஷன் என்றால், நீதிபதி முன்னால் நின்று "கில்டி" (குற்றம் செய்தேன்) அல்லது "நோ கான்டெஸ்ட்" (மறுக்கவில்லை) என்று சொல்கிறீர்கள். அவர் தீர்ப்பு எழுதாமல் தள்ளிவைத்துவிட்டு, புரொபேஷன் என்ற கண்காணிப்புக் காலம் போடுகிறார். ஒழுங்காக முடித்தால் கேஸ் தள்ளுபடி, டெக்சாஸ் சட்டப்படி நீங்கள் தண்டிக்கப்பட்டவர் இல்லை. இங்கேயே பிறந்த பையனுக்கு இது நல்ல ஏற்பாடுதான். விசாவில் இருப்பவருக்கு அப்படி இல்லை. குடியேற்றச் சட்டம் 1996-லிருந்து தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டோ நோ கான்டெஸ்ட் சொல்லியோ இருந்து, அதன்மேல் நீதிபதி ஏதாவது தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டால் அது குற்றத்தீர்ப்பு, அதாவது கன்விக்‌ஷன். புரொபேஷனும் கட்டுப்பாடுதான். பிறகு கேஸ் தள்ளுபடியானாலும், ரெக்கார்டை மூடினாலும், பொதுவாக அந்தக் கணக்கு மாறாது. கிரிமினல் வக்கீல் சொல்வதில் பொய் இல்லை. அவர் டெக்சாஸுக்குப் பதில் சொல்கிறார், உங்கள் விசாவோ வாஷிங்டனைப் பொறுத்தது.

அதனால் அவரிடம் கேட்க வேண்டியது ப்ரீட்ரையல் டைவர்ஷன் கிடைக்குமா என்பதுதான். அதில் அரசுத் தரப்போடு ஒப்பந்தம் போடுகிறீர்கள், அவர்கள் சொல்வதை முடிக்கிறீர்கள், கேஸை எடுத்துவிடுகிறார்கள். நீதிபதி முன்னால் பிளீ கொடுக்கும், அதாவது கில்டி, நோ கான்டெஸ்ட் என்று சொல்லும் வேலை இல்லை. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) 2017 மார்ச்சில் தொடங்கிய திட்டம் இதற்கும் ஒரு படி மேலே: நான்கு அவுன்ஸுக்குள் பிடிபட்டவர் 150 டாலர் கட்டி, நான்கு மணி நேர வகுப்பை 90 நாளுக்குள் முடித்தால் கேஸே பதிவாகாது. டெஃபர்டில் போகிற பையனும் கிட்டத்தட்ட அதே மாதிரி வகுப்பில்தான் உட்காருகிறான். ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் உட்காருகிறான், இன்னொருவன் ஒப்புக்கொண்டுவிட்டு உட்காருகிறான். எல்லா வித்தியாசமும் அங்கேதான். ஆனால் கவுண்டிக்குக் கவுண்டி நடைமுறை மாறும். சில இடங்களில் டைவர்ஷன் ஒப்பந்தத்துக்குள்ளேயே "நான் இதைச் செய்தேன்" என்று எழுதி வாங்கும் பக்கம் ஒன்று இருக்கும். அந்தப் பக்கம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, இமிக்ரேஷன் வக்கீலிடம் காட்டுங்கள்.

எடையையும் கேளுங்கள். டெக்சாஸில் இரண்டு அவுன்ஸ் வரை கிளாஸ் பி மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்ற வகை: 180 நாள் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். இரண்டு அவுன்ஸ் என்பது சுமார் 57 கிராம். குடியேற்றச் சட்டத்தில் நாடுகடத்தலிலிருந்து விலக்கு இருப்பது, சொந்த உபயோகத்துக்கு 30 கிராமோ அதற்குக் குறைவோ கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு கேஸுக்குத்தான். கேஸ் தாளில் "இரண்டு அவுன்ஸுக்குள்" என்று மட்டும் இருந்தால் 30-க்குள்ளா வெளியிலா என்று தெரியாது. லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் கிராம் கணக்கை வக்கீல் கையில் வாங்கி வைக்க வேண்டும். இன்னொன்று, அந்த விலக்கு இங்கே உள்ளே இருப்பவரை வெளியே அனுப்புவது சம்பந்தப்பட்டது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி நுழையும்போதும், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் போகும்போதும் அது உங்களைத் தானாகக் காப்பாற்றாது.

இதையெல்லாம் உங்கள் வக்கீல் சொல்லவே இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஹோண்டுராஸில் பிறந்து, வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்து, நாற்பது வருடம் இங்கே வாழ்ந்த ஒரு லாரி ஓட்டுநர், கஞ்சா கடத்திய கேஸில் வக்கீலின் தவறான பேச்சை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தக் கேஸில்தான், படில்லா எதிர் கென்டக்கி என்று பெயர், நாடுகடத்தல் ஆபத்தைப் பற்றி வெளிநாட்டுக் கட்சிக்காரரிடம் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டே நியமித்த வக்கீலுக்கும் இது பொருந்தும். பணம்தான் தடை என்றால் உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உண்டு.

சரி, வகுப்புக்கு வருவோம். இணையத்தில் தேடினால் நான்கு மணி, எட்டு மணி, பன்னிரண்டு மணி என்று வரிசையாக வரும், எல்லாவற்றிலும் "கோர்ட் அங்கீகாரம்" என்று போட்டிருக்கும். நாடு முழுவதற்கும் அங்கீகாரம் கொடுக்கும் அலுவலகம் எதுவும் இல்லை. உங்கள் கோர்ட்டும் உங்கள் புரொபேஷன் ஆபீசரும் ஒத்துக்கொண்டால்தான் அது அங்கீகாரம். அதனால் பணம் கட்டுவதற்கு முன், எத்தனை மணி நேரம், ஆன்லைன் செல்லுமா, இந்த வகுப்பு சரியா என்று ஆபீசருக்கு ஈமெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் "ஓகே" சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது. டெக்சாஸில் மாநிலமே பாடத்திட்டம் வகுத்த 15 மணி நேரப் போதைப்பொருள் கல்வித் திட்டம் தனியாக இருக்கிறது. உத்தரவில் அது எழுதியிருந்தால், நான்கு மணி நேர வகுப்பின் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய் நீட்டிப் பயன் இல்லை.

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த பையன் ஒருவன் இந்த வகுப்பைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முடித்தான். பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடும், அது முடியும்வரை "அடுத்து" பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். பாடத்துக்கு ஒரு சின்னப் பரீட்சை, தவறினால் மறுபடி எழுதலாம். அவன் முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தான். நினைவாற்றலைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் கஞ்சாவின் போதைப் பொருளான டிஹெச்சி என்ன செய்கிறது, இருபத்தைந்து வயதுவரை மூளை வளர்கிறது என்ற பாடம் வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். 1990-களின் நடுவில் பிடிபட்ட கஞ்சாவில் டிஹெச்சி நான்கு சதவீதம்தான் இருந்தது, இப்போது பதினைந்தைத் தொடுகிறது. தின்பண்டமாகச் சாப்பிட்டால் ஏறுவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்று சாப்பிட்டுத்தான் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நீங்களும் ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்காமல் படியுங்கள் தம்பி. கட்டாயத்தில் எடுத்தாலும் உங்கள் உடம்புக்கு உதவுகிற பாடம்.

வகுப்பின் தொடக்கத்தில் எப்போது முதலில் பயன்படுத்தினீர்கள், வாரத்துக்கு எத்தனை முறை என்று கேட்கும் படிவம் வரலாம். அதில் பொய் எழுதாதீர்கள். அந்தப் படிவம் யார் கைக்குப் போகிறது என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள். கன்விக்‌ஷனே இல்லாவிட்டாலும், போதைப்பொருள் குற்றம் செய்ததாகக் குடியேற்ற அதிகாரியிடம் முறைப்படி ஒப்புக்கொண்டாலே நுழைவை மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சர்டிபிகேட்டில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். கேஸ் நம்பரும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் குழப்பம் வந்து ஃபைலில் சேராமல் போவது சகஜம். கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, கிடைத்ததென்று பதில் வாங்குங்கள். டெஃபர்டில் இருக்கும்போது வகுப்பை முடிக்கவில்லை என்றால் அரசுத் தரப்பு மறுபடி கோர்ட்டுக்குப் போகலாம். அப்போது அந்த 180 நாளும் திரும்ப மேஜைக்கு வரும்.

புரொபேஷன் காலத்தில் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கும். கடைகளில் கிடைக்கும் டெல்டா-8 (டிஹெச்சியின் இன்னொரு வகை), சிபிடி எண்ணெய், கம்மி மிட்டாய் எதையும் தொடாதீர்கள். கடையில் விற்றது என்பது பரிசோதனைத் தாளுக்குத் தெரியாது. உங்கள் அறைத் தோழர்களிடம் இதையும் சொல்லுங்கள்: டெக்சாஸில் நான்கு அவுன்ஸ் வரை இலையாக இருந்தால் மிஸ்டிமீனர், அதே சரக்கு வேப் கார்ட்ரிட்ஜில் எண்ணெயாக இருந்தால் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். கலிஃபோர்னியாவில் 2016-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்ததுதானே என்று அங்கே கடையில் வாங்கி சூட்கேஸில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசுச் சட்டத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள்தான், விசாவைப் பார்ப்பதும் அந்தச் சட்டம்தான். 2019-லிருந்து குடியுரிமை விண்ணப்பத்தில்கூட, மாநிலச் சட்டப்படி சரியாக வாங்கியதே நன்னடத்தைக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதுதான் அரசின் நிலை.

இந்தக் கேஸ் முடியும்வரை ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். கவுண்டியை விட்டு வெளியே போகவே புரொபேஷனில் பெரும்பாலும் அனுமதி வேண்டும். அப்படியே போனாலும், அடுத்த முறை டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கைதானதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும், தள்ளுபடியான கேஸாக இருந்தாலும். அதற்குக் கோர்ட் முத்திரையோடு முடிவுத் தாளின் நகல்கள் வேண்டும். ரெக்கார்டை அழிக்க விண்ணப்பிப்பதற்கு முன்பே அவற்றை நிறைய வாங்கி வையுங்கள். அழித்த பிறகு கோர்ட்டில் கேட்டால் அங்கே ஒன்றும் இருக்காது. 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு) அரசு திடீரென்று ரத்து செய்தது நினைவிருக்கும். அவர்களில் சிலருடைய கேஸ் எப்போதோ தள்ளுபடியானது. வழக்குப் போட்டுத்தான் பதிவுகள் திரும்பி வந்தன. அந்த நேரத்தில் கையில் தாள் வைத்திருந்தவர்களால் உடனே வக்கீலிடம் ஓட முடிந்தது. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் விவகாரம் பார்க்கும் அதிகாரியான டிஎஸ்ஓ-விடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதையும் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வீட்டில் சொல்லுங்கள் தம்பி. அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார், நெஞ்சு தாங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ தெரிந்தவர் மூலமாக அவர் காதுக்குப் போவதைவிட உங்கள் வாயிலிருந்து கேட்பது மேல். வக்கீலைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறேன், எவ்வளவு செலவாகும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வக்கீல் கட்டணத்துக்காகக் கிரெடிட் கார்டில் வாங்கி வட்டியில் மூழ்குவதும், அனுமதி இல்லாத வேலைக்குப் போய் இன்னொரு சிக்கலை இழுத்துக்கொள்வதும் நான் பார்த்தவை. அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

அடுத்த கோர்ட் தேதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குள் இமிக்ரேஷன் வக்கீலின் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காவிட்டால் "ரீசெட்", அதாவது தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கும்படி உங்கள் வக்கீலிடம் இன்றைக்கே சொல்லுங்கள். முதல் சில தேதிகளில் ரீசெட் கேட்பது இங்கே வழக்கமான விஷயம், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தேதியன்று கோர்ட்டுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், வாரன்ட் வந்துவிடும். போகும்போது கைதுத் தாள், ஜாமீன் தாள், ஐ-20 (பல்கலைக்கழகம் கொடுத்த தாள்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.